அடிமைகளின் இடுகாடும் அடுக்குமாடிக் கச்சேரியும்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இந்த வாசகசாலையின் ஆண்டு விழாவில் ஏதாவது ஒரு விஷயத்தைப்பற்றிப் பேச வேண்டுமென்று கேட்டபொழுது, புதைபொருள் ஆராய்ச்சியைப்பற்றிப் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். உடனே ஒரு நண்பர், "அது ராஜாக்கள் சங்கதியாயிற்றே, நமக்கு எதற்கு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. புதைபொருள் என்றால் நம் ஜனங்களுக்குப் புதையல் ஞாபகம் வருகிறது. அது இல்லாவிட்டால் கோயில், கோட்டை, செப்பேடு ஞாபகம் வருகிறது. ஆனால் மண்ணுக்கடியில் ராஜாக்கள் மாத்திரந்தானா இருக்கிறார்கள்? அந்தக் கோட்டைக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவனும் அங்கேதானே கிடக்கிறான்! ராஜாவின் சங்கதியைக் கல்லிலே வெட்டி வைத்தார்கள். மண் சுமந்தவன் சங்கதியை யார் எழுதி வைத்தார்கள்?

ஆகவே, இன்று நான் பேசப்போவது அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில், 1991ம் வருஷம் ஒரு சர்க்கார் கச்சேரி கட்டுவதற்காகக் குழி தோண்டியபோது வெளிப்பட்ட அடிமைகளைப்பற்றித்தான். அதற்கு முன், கட்டடம் கட்டுகிற இடத்தில் ஆராய்ச்சி என்ன வேண்டிக்கிடக்கிறது என்பதைச் சிறிது சொல்லிவிடுகிறேன்.

பூமி பூஜையும் பூமி ஆராய்ச்சியும்

நம் நாட்டில் ஒருவர் வீடு கட்டுவதென்றால் முதலில் என்ன செய்கிறார்? ஜோசியரிடம் போய் நாள் பார்க்கிறார். மனையடி சாஸ்திரக்காரரைக் கூப்பிட்டுக் கிணறு எந்த மூலை, அடுப்பு எந்த மூலை என்று கேட்கிறார். பிறகு புரோகிதர் வந்து பூமி பூஜை செய்கிறார். தேங்காய் உடைகிறது, எலுமிச்சம்பழம் நசுங்குகிறது, தட்சணை கைமாறுகிறது. இவ்வளவு பேர் வந்து, இவ்வளவு பணமும் செலவான பிறகு, அந்தப் பூமியைப்பற்றி வீட்டுக்காரருக்கு ஒரு சங்கதியாவது புதிதாகத் தெரிந்ததா? அதற்கடியில் பாறை இருக்கிறதா, பழைய கிணறு தூர்ந்து கிடக்கிறதா, அதிலே முன்பு யார் குடியிருந்தார்கள், யாரைப் புதைத்தார்கள் என்பதில் ஒன்றாவது தெரிந்ததா? பூமிக்குப் பூஜை நடக்கிறதே ஒழிய, பூமியைப்பற்றிய விசாரணை நடப்பதில்லை.

மேல்நாட்டில் பல இடங்களில் இப்பொழுது பெரிய கட்டடமோ ரஸ்தாவோ போடுவதற்கு முன் அந்த விசாரணையைச் செய்கிறார்கள். அதற்கு மந்திரமும் வேண்டியதில்லை, முகூர்த்தமும் வேண்டியதில்லை. முதலில் தோண்டாமலே ஆராய்கிறார்கள். பழைய பூகோளப் படங்கள், கிரய பத்திரங்கள், வரிக் கணக்குகள், சர்ச்சு ரிஜிஸ்தர்கள் ஆகியவற்றையெல்லாம் புரட்டி, இந்த இடம் 100 வருஷத்துக்கு முன் என்னவாயிருந்தது, 300 வருஷத்துக்கு முன் என்னவாயிருந்தது என்று பார்க்கிறார்கள். பிறகு இடத்தின் ஒரு சிறு பாகத்தில் மட்டும் சோதனைக் குழிகள் போட்டுப் பார்க்கிறார்கள்.

மண்ணைப் படிப்பது ஒரு தனி வித்தை. அதில் மாயம் ஒன்றுமில்லை. ஒரு தடவை தோண்டி மூடிய மண் மறுபடியும் பழைய அடுக்காகச் சேருவதில்லை. ஒரு கம்பம் நட்டிருந்த குழி, ஒரு சவத்தைப் புதைத்த குழி, ஒரு குப்பைக் கிடங்கு எல்லாம் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நிறத்திலும் இறுக்கத்திலும் மாறித் தெரியும். கலைக்கப்படாத மண்ணில் கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. இந்தச் சாதாரண அறிவைக் கொண்டுதான் அத்தனையும் கண்டுபிடிக்கிறார்கள்.

கண்டுபிடித்த பிறகு இரண்டு வழி உண்டு. ஒன்று, கட்டடத்தின் அஸ்திவாரத்தை மாற்றியமைத்து, உள்ளதை உள்ளபடியே கீழே விட்டுவிடுவது. மற்றொன்று, அளந்து, படமெடுத்து, எழுதி, முறையாகத் தோண்டியெடுப்பது. கூடியவரை முதல் வழியே நல்லது என்கிறார்கள். ஏனென்றால் தோண்டுவது என்பது, படித்த ஏடு உடனே கிழிந்துபோகிற புத்தகத்தைப் படிப்பது போன்றது. இரண்டாந்தரம் படிக்க முடியாது.

இந்தக் கட்டுப்பாடுகள் ஒன்றும் தானாக வந்துவிடவில்லை. லண்டனில் 1989ம் வருஷம் ஒரு கச்சேரிக் கட்டடம் எழுப்பப் போன இடத்தில், 1587ல் கட்டப்பட்ட 'ரோஸ்' என்ற நாடகக் கொட்டகையின் அஸ்திவாரம் வெளிப்பட்டது. அதை அழிக்கக்கூடாதென்று நடிகர்களும் பொது ஜனங்களும் அந்த இடத்திலேயே வந்து நின்று கிளர்ச்சி செய்தார்கள். கட்டடத்தின் அமைப்பை மாற்றி, கொட்டகையின் மிச்சத்தை அடியில் காப்பாற்றினார்கள். அடுத்த வருஷமே, 1990ல், கட்டட அனுமதி கேட்கும்போதே புதைபொருளைப்பற்றியும் விசாரிக்க வேண்டும், அந்தச் செலவைக் கட்டுகிறவனே ஏற்க வேண்டும் என்ற முறை இங்கிலாந்தில் வந்தது. 1992ல் ஐரோப்பிய தேசங்கள் பலவும் கூடி இதே மாதிரி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பல தடவை இழந்த பிறகுதான் இந்தப் புத்தி வந்தது என்பதைக் கவனியுங்கள்.

எழுதி வைத்த சட்டமும் எழுதி வைக்காத உண்மையும்

இனி நியூயார்க் சங்கதிக்கு வருகிறேன்.

அமெரிக்க அடிமைத்தனம் என்றால் தெற்கேயுள்ள பருத்திக் காடுகளும் கரும்புத் தோட்டங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. வடக்கே இருந்தவர்கள் அடிமைத்தனத்தை ஒழிக்கச் சண்டை போட்ட உத்தமர்கள் என்றுதான் அமெரிக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட வெகு காலம் படித்துவந்தார்கள். உண்மை என்ன? நியூயார்க்கை முதலில் ஆண்ட டச்சுக் கம்பெனிக்காரர்கள் 1620களிலேயே ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக அங்கே இறக்கிவிட்டார்கள். இன்று உலகத்துப் பணமெல்லாம் புரளுகிற வால் ஸ்டிரீட் என்னும் மதில் தெருவில், 1653ல் அந்த மதிலை எழுப்பியதில் அடிமைகளின் உழைப்பு இருந்தது. அதே தெருவின் கோடியில் 1711ல் அடிமைச் சந்தை ஏற்பட்டது. 18ம் நூற்றாண்டில் ஒரு காலத்தில் அந்த நகரத்தில் சுமார் ஐந்து பேரில் ஒருவர் அடிமையாக இருந்தார். அங்கே அடிமைத்தனம் முற்றிலும் ஒழிந்தது 1827ல்தான்.

உயிரோடிருந்தபோது அவர்களிடம் வேலை வாங்கினார்கள், சரி. செத்த பிறகு என்ன செய்தார்கள்? 1697ம் வருஷம் அந்நகரத்தின் டிரினிட்டி சர்ச்சார், தங்கள் கல்லறைத் தோட்டத்தில் கருப்பர்களைப் புதைக்கக்கூடாதென்று உத்திரவு போட்டார்கள். ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவனாயிருந்தாலும் கருப்பன் கருப்பன்தான்! பரலோகத்தில் எல்லோரும் ஒன்று என்று பிரசங்கம். ஆனால் பரலோகத்துக்குப் போகிற வாசலாகிய கல்லறையில் ஆறடி இடம் கிடையாது. ஆகவே ஊருக்கு வெளியே, பள்ளமான, எவருக்கும் வேண்டாத ஒரு நிலத்தில் அவர்கள் தங்கள் சவங்களைப் புதைத்தார்கள்.

அங்கேயாவது நிம்மதியாக விட்டார்களா? அதுவுமில்லை. அடிமைகள் இராத்திரியில் கூடினால் கலகம் செய்வார்கள் என்று எஜமானர்களுக்குப் பயம். ஆகவே 1722ல், அடிமைகளைப் பகல் வெளிச்சத்தில்தான் புதைக்கவேண்டும் என்று சட்டம். 1731ல், ஒரு சாவுக்குப் பன்னிரண்டு அடிமைகளுக்கு மேல் கூடக்கூடாது என்று சட்டம். பகலெல்லாம் எஜமானன் வீட்டு வேலை, இராத்திரியில் புதைக்கக்கூடாது. அப்படியானால் ஒரு தாய் தன் பிள்ளையை எப்பொழுதுதான் புதைப்பது?

இன்னும் ஒரு சங்கதி கேளுங்கள். அந்தக் காலத்தில் வைத்தியம் படித்த மாணாக்கர்கள் அறுத்துப் பழகச் சவம் வேண்டுமென்று, இந்த இடுகாட்டில் இராத்திரியில் புகுந்து தோண்டி எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். 1788ம் வருஷம் பிப்ரவரி மாதம் அந்நகரத்துக் கருப்பர்கள், அடிமைகளும் விடுதலை பெற்றவர்களுமாகச் சேர்ந்து, "எங்கள் சவங்களைத் தோண்டாதபடி காப்பாற்றுங்கள்" என்ற கருத்தில் நகர சபைக்கு ஒரு விண்ணப்பம் போட்டார்கள். எவரும் அதைச் சட்டை செய்யவில்லை. இரண்டு மாதம் கழித்து, வெள்ளைக்காரர்களின் கல்லறையிலிருந்தும் சவம் திருட்டுப் போயிற்று என்று தெரிந்ததும் ஊரே திரண்டு பெருங்கலகம் ஆயிற்று. மறு வருஷமே சட்டம் வந்துவிட்டது! அநியாயம் ஒன்றுதான், யாருக்கு நடந்தது என்பதைப் பொறுத்துத்தான் சர்க்காருக்குக் காது கேட்கிறது.

1790களில் இந்த இடுகாடு மூடப்பட்டது. பள்ளத்தை மண் கொட்டி நிரப்பி, மேட்டோடு சமமாக்கி, மனைகளாகப் பிரித்து விற்றார்கள். மேலே வீடும் கடையும் வந்தன. 6 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலத்தில் சுமார் 15,000 பேர் வரை புதைக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். 200 வருஷத்தில் அவ்வளவு பேரையும் ஊர் மறந்துபோயிற்று.

படம் சொன்னதும் கணக்குச் சொன்னதும்

அமெரிக்க சர்க்காரின் கட்டட இலாகா, பிராட்வே என்ற பெரிய வீதியில் 290ம் நெம்பர் மனையில் 34 மாடிக் கச்சேரியும், அதன் பக்கத்தில் நாலு மாடியில் ஒரு மண்டபமும் கட்டத் திட்டம் போட்டது. அமெரிக்காவில் 1966ம் வருஷத்திலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. சர்க்கார் பணத்தில் எந்த வேலை செய்வதானாலும், அந்த இடத்தில் சரித்திர முக்கியமானது ஏதாவது இருக்கிறதா என்று முன்னதாக விசாரிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். ஆகவே விசாரித்தார்கள். 1755ம் வருஷத்துப் பழைய படம் ஒன்றில் அந்த இடத்திலேயே 'நீக்ரோக்கள் இடுகாடு' என்று எழுத்தில் எழுதியிருந்தது. மறைவு ஒன்றுமில்லை. அச்சடித்த படத்தில் பட்டப்பகலாகத் தெரிகிற சங்கதி.

படத்தைப் பார்த்தவர்கள் என்ன முடிவு செய்தார்கள்? "இடுகாடு இருந்தது உண்மைதான். ஆனால் பின்னால் வந்தவர்கள் நிலவறை போட்டுக் கட்டடம் கட்டியிருப்பதால் எலும்புகளெல்லாம் அழிந்திருக்கும், ஒரு சந்தின் அடியில் மாத்திரம் ஏதோ கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம்" என்று அறிக்கை எழுதினார்கள். முன்பு பள்ளத்தை நிரப்பக் கொட்டிய மண் 20 அடி வரை மூடிக்கொண்டு சவங்களைப் பத்திரமாகக் காப்பாற்றியிருக்கக்கூடும் என்பதைப் போதுமான அளவு யோசிக்கவில்லை. கட்ட வேண்டும் என்று தீர்மானம் ஆகிவிட்டது, பணம் ஒதுக்கியாகிவிட்டது, அந்தத் தீர்மானத்துக்கு இடைஞ்சல் இல்லாத அனுமானம்தான் அங்கே பிறந்தது.

1991ல் தோண்டினார்கள். ஒரு சவக்குழி, இரண்டு, பத்து, நூறு என்று வந்துகொண்டேயிருந்தன. அந்த அக்டோபரில் ஊராருக்குச் செய்தியை வெளியிட்டார்கள். அப்பொழுதாவது வேலையை நிறுத்தினார்களா? எலும்பெடுக்கும் வேலை ஒரு பக்கம், கட்டட வேலை ஒரு பக்கமாக இரண்டும் நடந்தன. 1992 பிப்ரவரியில் கட்டட வேலைக்காரர்கள் தவறுதலாகச் சில சவக்குழிகளின் மேலேயே கான்கிரீட்டைக் கொட்டிவிட்டார்கள். 1788ல் வைத்தியக் கல்வியின் பேரால் சிதைத்தார்கள். 1992ல் கட்டட அவசரத்தின் பேரால் சிதைத்தார்கள். 204 வருஷத்தில் மாறியது கருவிதான்!

ஆனால் இந்தத் தடவை ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. 1788ல் விண்ணப்பம் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டும் கிடையாது, உத்தியோகமும் கிடையாது. 1991ல் அந்த நகரத்தின் மேயராகவே ஒரு கருப்பர், டேவிட் டிங்கின்ஸ், இருந்தார். கருப்பர்கள் கூட்டங் கூட்டினார்கள், மறியல் செய்தார்கள், பத்திரிகையில் எழுதினார்கள். 1992 ஜூலையில், அமெரிக்கப் பார்லிமெண்டில் சர்க்கார் கட்டடங்களை மேற்பார்க்கும் உபகமிட்டியின் தலைவராயிருந்த கஸ் சாவேஜ் என்பவர், அவரும் கருப்பர்தான், விசாரணை நடத்தி அதிகாரிகளைக் கேள்வி கேட்டார். அந்த மாதக் கடைசியிலேயே தோண்டும் வேலை நின்றது. அக்டோபரில் சட்டமே வந்தது. 34 மாடிக் கச்சேரி எழும்பியது. பக்கத்து மண்டபம் கைவிடப்பட்டது. எடுக்காமலிருந்த சவங்கள் மண்ணிலேயே விடப்பட்டன. அதற்குள் எடுக்கப்பட்டவை 419 பேருடைய உடல்கள்.

இதிலிருந்து தெரிவது என்ன? சட்டம் 1966லேயே இருந்தது. படம் 1755லேயே இருந்தது. இரண்டும் இருந்தும், கேட்பதற்கு ஆள் இருந்தபோதுதான் நியாயம் கிடைத்தது. உத்தியோகமும் பிரதிநிதித்துவமும் எதற்கென்று நம்மைக் கேலி செய்கிறவர்களுக்கு இது ஒன்றே போதுமான பதில்.

எலும்புகள் கொடுத்த வாக்குமூலம்

எடுத்த எலும்புகளை யார் ஆராய்வது என்பதிலும் சண்டை வந்தது. எலும்பை அளந்து, 'இது எந்த இனம்' என்று ஜாதி பிரிப்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடக்கூடாது என்று கருப்பர்கள் வாதாடினார்கள். கடைசியில் 1993ல் அவை வாஷிங்டனிலுள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்குப் போயின. அது கருப்பர்களின் கல்விக்காக ஏற்பட்ட பழைய கலாசாலை. மைக்கேல் பிளேக்கி என்ற அறிஞரின் தலைமையில் ஆராய்ந்தவர்கள் நாலு கேள்விகளை வைத்துக்கொண்டார்கள். இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? எப்படி வாழ்ந்தார்கள்? புது நாட்டில் எப்படி மாறினார்கள்? கொடுமையை எப்படி எதிர்த்தார்கள்?

எலும்பு என்ன பேசும் என்று நீங்கள் கேட்கலாம். தசை இழுத்து இழுத்து வேலை செய்தால், அந்தத் தசை ஒட்டியிருக்கும் இடத்தில் எலும்பு தடித்துப்போகும். அளவுக்கு மீறிப் பாரம் சுமந்தால் முதுகெலும்பும் கழுத்தெலும்பும் தேய்ந்து காட்டிக்கொடுக்கும். குழந்தைப் பருவத்தில் பட்டினியோ கடும் வியாதியோ வந்தால், அப்பொழுது வளர்ந்துகொண்டிருக்கும் பல்லின் மேற்பூச்சில் கோடு விழுந்துவிடும். பிற்பாடு எவ்வளவு சாப்பிட்டாலும் அந்தக் கோடு அழியாது. சிறு வயதில் குடித்த தண்ணீரிலும் தின்ற தானியத்திலும் உள்ள ஸ்ட்ரான்சியம் என்ற தாது பல்லிலே தங்கிவிடுகிறது; அது ஊருக்கு ஊர் மாறுவதால், ஒருவன் ஆப்பிரிக்காவில் பிறந்தவனா, நியூயார்க்கில் பிறந்தவனா என்பதைக்கூட ஓரளவு சொல்லிவிடலாம்.

அப்படிப் பார்த்ததில், வயது கண்டுபிடிக்க முடிந்தவர்களில் 100க்கு 40 பேருக்கு மேல் சிறுவர்கள்! பால் மணம் மாறாத குழந்தைகள் எத்தனையோ. பெண்களின் எலும்பிலும் ஆண்களுக்குச் சமமாகப் பாரம் சுமந்த அடையாளம். இருபது வயதைக் கொஞ்சம் தாண்டிய ஒரு பெண்ணின் விலா எலும்புகளுக்கிடையில் ஒரு துப்பாக்கி ஈயக்குண்டு. முகமும் கையும் முறிந்திருந்தன. அவள் யார், என்ன செய்தாள் என்பதற்கு எந்தக் காகிதமும் இல்லை. இன்னொரு பெண், நடுவயதைத் தாண்டியவள். முன்பற்களை ஆப்பிரிக்க வழக்கப்படி அராவியிருந்தாள். இடுப்பில் 100க்கு மேற்பட்ட மணிகள் கோத்த சரம் இருந்தது. கடல் கடந்து விற்கப்பட்டவளுடைய இடுப்பிலே அந்த மணிகள் எப்படித் தங்கின! அவளைப் புதைத்தவர்கள் தாங்களும் அடிமைகளாயிருந்தும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பெரும்பாலான சவங்களைத் துணி சுற்றி, ஊசி குத்தி, மரப்பெட்டியில் வைத்து, தலை மேற்கே இருக்கும்படி ஒழுங்காகப் புதைத்திருந்தார்கள். எஜமானன் கணக்குப் புஸ்தகத்தில் இவர்கள் மாட்டோடும் மேஜையோடும் சேர்த்து எழுதப்பட்ட சாமான்கள். மண்ணோ இவர்கள் ஒருவரையொருவர் மனிதராக நடத்திக்கொண்ட மனிதர்கள் என்று சாட்சி சொல்லுகிறது.

இங்கே ஒன்று சொல்லாவிட்டால் நான் பகுத்தறிவுக்குத் துரோகம் செய்தவனாவேன். ஒரு பெட்டியின் மூடியில் ஆணிகளால் இருதய வடிவம் ஒன்று அமைத்திருந்தது. அது ஆப்பிரிக்காவில் ஆகான் ஜனங்களின் 'சங்கோஃபா' என்ற குறி, பின்னே திரும்பிப் பார் என்று அர்த்தம் என்று சிலர் சொன்னார்கள். அதுவே அந்த இடுகாட்டின் அடையாளமாகவும் ஆகிவிட்டது. ஆனால் பிற்பாடு வேறு அறிஞர்கள், அக்காலத்தில் இங்கிலீஷ்காரர் சவப்பெட்டிகளிலும் இருதய வடிவம் சாதாரணமாயிற்றே, இதை மட்டும் ஆப்பிரிக்கக் குறி என்று எப்படி ருஜுப்பிப்பது என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டது நியாயமான கேள்வி. நமக்குப் பிரியமான முடிவு என்பதற்காக அதை ஆதாரமில்லாமல் ஏற்றுக்கொண்டால், புராணக்காரருக்கும் நமக்கும் வித்தியாசம் என்ன? அந்த ஒரு குறி சந்தேகமாய்ப் போனதால் 419 பேருடைய எலும்பும் பல்லும் சொன்ன வாக்குமூலம் பொய்யாகிவிடாது.

செத்தவனுக்கு மரியாதை எதற்கு?

என்னை ஒருவர் கேட்டார். "நீரோ ஆத்மா இல்லை, மறு உலகம் இல்லை என்கிறவர். திதி வேண்டாம், கருமாதி வேண்டாம் என்கிறவர். பிறகு எலும்புக்கு என்ன மரியாதை? அதன்மேல் கச்சேரி கட்டினால் என்ன, கக்கூஸ் கட்டினால் என்ன?" என்று.

நல்ல கேள்விதான். செத்தவனுக்கு ஒன்றும் தெரியாது. அவனுக்கு மானமும் இல்லை, அவமானமும் இல்லை. இதில் எனக்குச் சந்தேகமில்லை. 2003ம் வருஷம் அக்டோபரில், ஆராய்ச்சி முடிந்த பிறகு, அந்த 419 பேரையும் ஆப்பிரிக்காவில் கானா தேசத்தில் செதுக்கிய மரப்பெட்டிகளில் வைத்து, வழி நெடுக ஊர்களில் மரியாதை செய்து கொண்டுவந்து அதே இடத்தில் மறுபடி புதைத்தார்கள். அதில் பாட்டும் ஜெபமும் சடங்கும் நடந்தன. அந்தச் சடங்கில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

ஆனால் இன்னொன்றை யோசியுங்கள். டிரினிட்டி சர்ச்சின் கல்லறைத் தோட்டம் இன்றைக்கும் அதே பிராட்வே வீதியில், மண்ணுக்குக் கோடிக்கணக்கில் விலை போகிற இடத்தில், புல்லும் மரமுமாக அப்படியே இருக்கிறது. அதன்மேல் எவனும் 34 மாடி கட்டவில்லை. அதே ஊரில், அதே காலத்தில் செத்த அடிமைகளின் இடுகாட்டை மட்டும் மனை பிரித்து விற்றார்கள். செத்தவனுக்கு உணர்ச்சியில்லை என்ற ஞானத்தினாலா அப்படிச் செய்தார்கள்? ஒருவன் கல்லறைக்கு வேலியும் இன்னொருவன் கல்லறைக்கு மண்வெட்டியும் என்றால், அது உயிரோடிருக்கிறவர்களுக்குள் யார் மேல், யார் கீழ் என்பதைக் காட்டுகிற காரியம். மரியாதை செத்தவனுக்கு வேண்டியதில்லை. அவனுடைய பேரன் தலை நிமிர்ந்து நடப்பதற்கு வேண்டும்.

அன்றியும் அவர்கள் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள். சாமி பேரைச் சொல்லி ஆராய்ச்சியைத் தடுக்கவில்லை. ஆராய்ச்சியின் பேரைச் சொல்லி எலும்புகளை என்றென்றும் அலமாரியில் பூட்டி வைக்கவுமில்லை. பத்து வருஷம் ஆராய்ந்தார்கள், பிறகு புதைத்தார்கள். அந்த இடம் 1993ல் சரித்திரச் சின்னமாக்கப்பட்டது. 2006ல் தேசிய நினைவிடமாயிற்று. 2007ல் அங்கே நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. நியூயார்க்கைக் கட்டியவர்களில் அடிமைகளும் உண்டு என்பதை இனி எந்தப் புஸ்தகமும் மறைக்க முடியாது.

நமக்கு என்ன பாடம்?

தோழர்களே! நியூயார்க் கதையைக் கேட்டு, "அடடா, வெள்ளைக்காரன் எவ்வளவு கொடியவன்!" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். போகிற வழியில் உங்கள் ஊர்ச் சுடுகாட்டைப் பாருங்கள். ஒரு ஊருக்கு எத்தனை சுடுகாடு? மேல்ஜாதிக்கு ஒன்று, மற்ற ஜாதிக்கு ஒன்று, தாழ்த்தப்பட்டவனுக்கு ஓடைக்கரையில் ஒன்று! சாவு எல்லோருக்கும் சமம் என்று வேதாந்தம் பேசுகிற நாட்டில் சாம்பலுக்கும் ஜாதி இருக்கிறது. 2019ம் வருஷத்தில்கூட, வாணியம்பாடிக்கு அருகில், மயானத்துக்குப் போகிற பாதையை மறித்த காரணத்தால், ஒரு தாழ்த்தப்பட்ட தோழரின் சவத்தைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கிக் கொண்டுபோனார்கள். நியூயார்க்கார் 1697ல் போட்ட உத்திரவுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

ஆகவே நான் சொல்லுவது இரண்டே விஷயம். முதலாவது, எங்கேயாவது பெரிய கட்டடமோ ரஸ்தாவோ வருகிறதென்றால், குழி தோண்டுவதற்கு முன் அந்த நிலத்தைப்பற்றி விசாரிக்கும்படி கேளுங்கள். தாலூகா கச்சேரியில் பழைய சர்வே படம் இருக்கும். ஊரில் வயதான பாட்டிகள் இருப்பார்கள். கோயில் தானத்துக்கும் ராஜா வெற்றிக்கும் கல்வெட்டு இருக்கிறது. சேற்றில் நின்றவனுக்கும் கல் சுமந்தவனுக்கும் இருக்கிற ஒரே ஏடு மண்தான். அந்த ஏட்டை மண்வாரி யந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் அவன் இருந்ததற்கே சாட்சி இல்லாமல் போய்விடும்.

"வேலை தடைப்படுமே, பணம் நஷ்டமாகுமே" என்பார்கள். நியூயார்க்கில் பணம் ஏன் நஷ்டமாயிற்று? முன்னால் சரியாகப் பார்க்காததனால்தான். ஆரம்பத்திலேயே நாலு சோதனைக் குழி ஆழமாகப் போட்டிருந்தால், மண்டபத்தை வேறு பக்கம் தள்ளித் திட்டம் போட்டிருக்கலாம். முன்னால் பார்ப்பதற்குச் செலவு கொஞ்சம். பின்னால் பார்ப்பதற்குச் செலவு அதிகம்.

இரண்டாவது, விசாரணை முந்தியா, முடிவு முந்தியா என்பதை எப்பொழுதும் கவனியுங்கள். முடிவு செய்துவிட்டு விசாரிக்கிறவன், தனக்கு வேண்டியதைத்தான் காண்பான். படத்தில் எழுத்தாகவே எழுதியிருந்தாலும் அவன் கண்ணுக்குத் தெரியாது. இது கட்டடத்துக்கு மட்டுமல்ல. சாஸ்திரத்துக்கும், ஜாதிக்கும், சரித்திரத்துக்கும், நம்முடைய சொந்த அபிப்பிராயங்களுக்கும் இதுவே பொருந்தும்.

நான் சொன்னேன் என்பதற்காக இவைகளை அப்படியே நம்பிவிடாதீர்கள். நீங்களும் தோண்டிப் பாருங்கள்; உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.